பல பொம்மைகளிலிருந்து ஒரு கார்



இன்று பேராவூரணியிலிருந்து இந்த வானொலி நிலையத்துக்கு வரும்போது, ஒரு காரைத் துண்டில் சுற்றித் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். அது இப்போது என் எதிரே மேசைமீது நிற்கிறது. நீங்கள் அதைக் காண இயலாது. ஆகவே சொல்லிக் காட்டுகிறேன். வெள்ளை நிற அம்பாசிடர். நீளம் 12 சென்டிமீட்டர். அதன் உடல் கடைத்தெருவில் வாங்கிய பொம்மைக் காரினுடையது. சக்கரங்கள் வேறொரு பொம்மை ஜீப்பினுடையவை. கூரைமேல் உள்ள மூட்டைத் தாங்கி, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் எஞ்சிய செப்புக் கம்பி. முன்விளக்குகளின் கண்ணாடி, மாத்திரை அட்டையின் குமிழ். இப்படிப் பல இடத்துப் பொருள்கள் கூடி ஒரே வண்டியாக நிற்கின்றன. இந்தக் கலையைப் பற்றியும், அதனுள் அடங்கிய கணக்கைப் பற்றியும், அதை நான் காலந்தாழ்த்திக் கற்றுக்கொண்டதைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். பொம்மை என்பது வேறு. அளவுச் சிற்றுரு என்பது வேறு. பொம்மைக்குச் சாயல் போதும். சக்கரம் பருத்திருந்தாலும் கூரை தாழ்ந்திருந்தாலும் குழந்தை அதைக் கார் என்றே கொள்ளும். அளவுச் சிற்றுருவுக்கு அது போதாது. மெய்யான வண்டியின் ஒவ்வோர் அளவையும் ஒரே எண்ணால் வகுத்து, வந்த ஈவின்படியே ஒவ்வோர் உறுப்பையும் அமைத்தல் வேண்டும். நீளத்தை 36-ஆல் வகுத்தால் அகலத்தையும் 36-ஆல் வகுக்க வேண்டும். உயரத்தையும், சக்கரத்தின் விட்டத்தையும், எண்பலகையின் அகலத்தையும் அவ்வாறே. ஏழாம் வகுப்பில் நீங்கள் படிக்கும் விகிதம் என்னும் பாடம் இதுவேயாகும். வகுப்பறையில் அது கரும்பலகையில் இருக்கிறது. இங்கே கையில் வந்து நிற்கிறது.

இது மேனாட்டார் மட்டும் அறிந்த வித்தை என்று எண்ணிவிடாதீர்கள். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்க்கும் தபதிகள், இன்றும் தென்னை ஓலை நறுக்கு ஒன்றை எடுத்து, செய்யப்போகும் திருமேனியின் உயரத்துக்கு அதை வெட்டி, மடித்து மடித்துப் பகுதிகளாக்கிக்கொள்கின்றனர். ஒடியோலை என்று அதற்குப் பெயர். முகம் இத்தனை பகுதி, மார்பு இத்தனை பகுதி, கால் இத்தனை பகுதி என்பது தாள அளவில் வகுக்கப்பட்டது. திருமேனி ஒரு சாண் ஆயினும் ஓர் ஆள் உயரமாயினும் பகுதிகளின் விகிதம் மாறுவதில்லை; ஓலைதான் நீள்கிறது அல்லது குறுகுகிறது. தஞ்சையில் நெட்டி என்னும் நீர்ச்செடியின் வெண்ணிறத் தண்டைச் சீவிப் பெரிய கோயிலின் சிற்றுருவைச் செய்வோரை நீங்கள் கண்டிருக்கலாம். அந்த நெட்டி வேலைக்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆகவே பெரியதைச் சிறியதாக்கும் கணக்கு நம் மாவட்டத்துக்குப் புதிதன்று.

இனிக் காருக்கு வருவோம். சிற்றுருக் கார் செய்வோர் 1-க்கு 24, 1-க்கு 32, 1-க்கு 43 என்று சில எண்களையே பேசுவதைக் கேட்பீர்கள். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் அல்லவா? ஓர் அடியை அரை அங்குலமாகச் சுருக்கினால் 24-இல் ஒரு பங்கு ஆகிறது. முக்கால் அங்குலத்தின் பாதியாகச் சுருக்கினால் 32-இல் ஒரு பங்கு. கால் அங்குலமாகச் சுருக்கினால் 48-இல் ஒரு பங்கு. இங்கிலாந்தில் பொம்மை இரயில் செய்தோர் ஓர் அடியை 7 மில்லிமீட்டராகக் கொண்டனர். அந்த இரயில் நிலையத்தின் வாசலில் நிறுத்தப் பொருத்தமாய்ச் செய்யப்பட்ட கார்களே 43-இல் ஒரு பங்கு அளவின. அடியும் அங்குலமும் நம் பாடப்புத்தகத்தை விட்டுப் போய்விட்டன. ஆயினும் இந்த எண்களுக்குள் அவை இன்னும் ஒளிந்திருக்கின்றன.

இக்காலத்துப் பிளாஸ்டிக் சிற்றுருக்களின் வரலாறு வாணிபத்தில் தொடங்குகிறது. 1949-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், ஃபெர்குசன் டிராக்டரை விற்கும் முகவர்கள் கையில் எடுத்துக் காட்டுவதற்காக அதன் சிற்றுருவைச் செய்து கொடுத்தது. பின்னர் அதையே தனித்தனிப் பாகங்களாக்கி, வாங்குவோரே கூட்டிக்கொள்ளும்படி விற்றது. 1952-இல் கோல்டன் ஹைண்ட் என்னும் கப்பலின் பாகப் பெட்டி வந்தது. அது பெரும் எண்ணிக்கையில் விற்பனையாயிற்று. அமெரிக்காவிலும் கதை இதுபோன்றதே. கார் விற்பனையாளர்களுக்காக 25-இல் ஒரு பங்கு அளவில் சிற்றுருக்கள் செய்துவந்த ஏ.எம்.டி. நிறுவனம், 1958-இல் ஒரே காரை மூன்று விதமாகக் கட்டத்தக்க பாகப் பெட்டியை வெளியிட்டது. ஆலையிலிருந்து வந்தபடியே கட்டலாம். ஆசைப்பட்டபடி மாற்றிக் கட்டலாம். பந்தயக் காராகவும் கட்டலாம்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஒருவன் அந்தப் பெட்டியை வாங்கி ஒரு விதமாகக் கட்டினால், மற்ற இரண்டு விதங்களுக்குரிய பாகங்கள் எஞ்சும். அவற்றை யாரும் எறிந்துவிடுவதில்லை. அவை ஒரு பெட்டியில் சேரும். அடுத்த காரைக் கட்டும்போது, 'முன்பு மிஞ்சிய சக்கரம் இதற்குப் பொருந்துமா?' என்ற எண்ணம் பிறக்கும். இப்படிப் பல பெட்டிகளின் பாகங்களைக் கலந்து, எந்தப் பெட்டியிலும் இல்லாத ஒரு வண்டியைக் கட்டுவதைக் கிட் பேஷிங் என்று இத்துறையினர் அழைக்கின்றனர். நாம் கலப்புக் கட்டுமானம் என்று சொல்லலாம். 1977-இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் திரைப்படத்தின் விண்கலங்களை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். அவற்றின் மேற்பரப்பில் குழாயும் பெட்டியுமாய்த் தெரிகின்ற நுண்ணிய உறுப்புகளில் மிகப் பல, கடையில் விற்ற டாங்கி, கார் பாகப் பெட்டிகளிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டவையே.

இதை வீண் பொழுதுபோக்கு என்பாரும் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி சொல்வேன். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிஷர் பாடி பிரிவு, 1930 முதல் 1968 வரை இளைஞர்களுக்காகச் சிற்றுருப் போட்டி ஒன்றை நடத்தியது. தொடக்கத்தில் நெப்போலியன் காலத்துக் கோச்சு வண்டியைச் சிற்றுருவாகச் செய்யும்படி கேட்டது. பின்னர், தாமே கற்பனை செய்த காரை 12-இல் ஒரு பங்கு அளவில் செய்யும்படி கேட்டது. வென்றவர்களுக்குப் பல்கலைக்கழகக் கல்வி உதவித்தொகை கிடைத்தது. அவர்களுள் பலர் பிற்காலத்தில் கார்களை வடிவமைக்கும் தொழிலிலேயே அமர்ந்தனர்.

நம் நாட்டுக் கார்த் தொழிலே ஒரு வகையில் கலப்புக் கட்டுமானமாகத்தான் வளர்ந்தது என்று சொன்னால் வியப்படைவீர்கள். 1948-இல் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ் நிறுவனம், சென்னையை அடுத்த எண்ணூரில், இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்த ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்தது. அதுவே பின்னர் அசோக் லேலண்ட் ஆயிற்று. சென்னைக்குத் தெற்கே செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரிட்டனின் டிரயம்ப் ஹெரால்டின் வழிவந்தது. அங்கே இரண்டு கதவுகளோடு இருந்த அதற்கு, நம் குடும்பங்கள் ஏறி இறங்க வசதியாக இங்கே நான்கு கதவுகள் வைத்தனர். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் கொணர்ந்த கான்டெஸாவுக்கு உடல் வாக்ஸ்ஹால் காரினது. தொடக்கத்தில் அதற்குள் வைத்த என்ஜினோ அம்பாசிடரில் ஓடிய பழைய என்ஜின்! அம்பாசிடர்தானும் பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் மறுபிறப்பே. 1950களின் பிற்பகுதியில் வங்காளத்தின் உத்தர்பாராவில் தொடங்கிய அதன் உற்பத்தி 2014-இல் நின்றது.

இவ்வளவும் இன்று சொல்கிறேன். ஆனால் ஆசிரியராக இருந்த காலத்தில் எனக்கு இது தெரியவில்லை. அதைச் சொல்லாமல் மேலே செல்வது நேர்மையாகாது.

1990களில் நான் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். விகிதப் பாடம் நடக்கையில் கடைசி வரிசையில் ஒரு மாணவன் மேசைக்கு அடியில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தான். போய்ப் பார்த்தேன். சோப்புப் பெட்டியில் செய்த ஒரு வண்டி. தேய்ந்த ஹவாய்ச் செருப்பை வட்டமாய் வெட்டிய நான்கு சக்கரங்கள். குடைக்கம்பியே அச்சு. அதைப் பிடுங்கி அலமாரியின் தலைமேல் வைத்தேன். "ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வாங்கிக்கொள்" என்றேன். அந்தத் தேர்வில் அவன் விகிதக் கணக்கு இரண்டையும் தவறாகச் செய்திருந்தான். சிவப்பு மையால் சுழித்தேன். விடுமுறைக்குப் பின் அவன் பள்ளிக்கு வரவில்லை. குடும்பத்தோடு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். வண்டியை நான் மறந்தே போனேன்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் சுண்ணாம்பு அடிப்பதற்காக அலமாரியை நகர்த்தியபோது அது கீழே விழுந்தது. எடுத்து மேசைமேல் வைத்தேன். மெல்லத் தள்ளியதும் நேர்க்கோட்டில் ஓடி மறுமுனைவரை சென்றது. ஐயம் கொண்டு அளவுகோலை எடுத்து அளந்தேன். நான்கு சக்கரங்களும் ஒரே விட்டம், துளைகள் மையத்தில், முன் அச்சும் பின் அச்சும் இணை. குடைக்கம்பி உராயாமல் சுழல்வதற்காக, மை தீர்ந்த பேனா ரீஃபில் குழலைத் துண்டாக்கி உள்ளே செருகியிருந்தான். விகிதம் தெரியாதவன் என்று நான் சுழித்த கை அதைச் செய்திருந்தது. திருப்பிக் கொடுக்க ஆளில்லை. அவ்வண்டி இன்றும் என் வீட்டில் இருக்கிறது.

இனி, என் எதிரே உள்ள அம்பாசிடரின் கதை. எங்கள் தெருவில் டாக்சி ஓட்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரை நான் அண்ணன் என்றே அழைப்பேன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஓர் அம்பாசிடரை ஓட்டினார். பேராவூரணி வட்டாரத்தில் திருமணத்துக்குப் பெண்ணழைத்து வந்ததும், நள்ளிரவில் பிரசவ வேதனையோடு இருந்தவர்களைத் தஞ்சைக்குக் கொண்டு சேர்த்ததும் அந்த வண்டிதான். என் தாயாரை இறுதியாக மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதும் அதுவே. 2018 நவம்பர் 16 அன்று விடியுமுன் வீசிய கஜா புயல், எங்கள் பகுதித் தென்னைகளை வேரோடு சாய்த்ததை நீங்கள் அறிவீர்கள். அவற்றுள் ஒரு மரம் அந்த வண்டியின் முன்பாதிமேல் விழுந்தது. வாரக் கணக்கில் மின்சாரம் இல்லாத அந்நாட்களில், வீடும் தோப்பும் இழந்தவர் பலர் இருக்க, ஒரு பழைய காருக்காக யார் வருந்துவார்? அண்ணனும் வாய் திறந்து வருந்தவில்லை. பழைய இரும்பு வியாபாரியிடம் அதை விற்றுவிட்டு, திண்ணையில் அமர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். கார் பேச்சு எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

சில மாதங்கள் கழித்து, ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த அவருடைய பேரன் என்னிடம் வந்தான்.

"ஐயா, தாத்தா வண்டிய சின்னதாச் செய்யணும். எப்படிச் செய்யறதுன்னு சொல்லுங்க" என்றான்.

"பொம்மை செய்யும் வயதா தம்பி? அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு அல்லவா?" என்றேன், பழைய வழக்கம் எளிதில் போகுமா?

அவன் வாதாடவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினான். வியாபாரி வருவதற்கு முந்தைய மாலையில், சிதையாமல் இருந்த பகுதிகளையெல்லாம் தையற்காரரின் நாடாவால் அளந்து எழுதி வைத்திருந்தான். சக்கரத்தின் விட்டம், பின்கதவின் அகலம், கைப்பிடியின் உயரம், அச்சுக்கும் அச்சுக்கும் உள்ள தொலைவு, எண்பலகை, மூட்டைத் தாங்கியின் கம்பி என்று இரண்டு பக்கம் நிறைய எண்கள். அதைப் பார்த்ததும் எனக்கு அலமாரி நினைவு வந்தது. "உட்கார்" என்றேன்.

நாங்கள் செய்த முறையை வரிசையாகச் சொல்கிறேன்; நீங்களும் எந்த வண்டிக்கும் இதைக் கைக்கொள்ளலாம்.

முதற்படி, விகிதத்தை உறுதி செய்தல். கடையில் கிடைத்த பொம்மை அம்பாசிடரின் நீளம் 120 மில்லிமீட்டர். மெய்யான அம்பாசிடரின் நீளம் ஏறத்தாழ 4,325 மில்லிமீட்டர். பின்னதை முன்னதால் வகுத்தால் 36. ஆகவே எங்கள் எண் 36 என்று சுவரில் எழுதிவிட்டோம். நோட்டுப் புத்தகத்தின் ஒவ்வோர் அளவையும் அவன் 36-ஆல் வகுத்துப் பக்கத்தில் எழுதினான். ஒரு நாள் மாலையில் முடிந்தது. விகிதக் கணக்கை அவ்வளவு ஆர்வத்தோடு ஒரு மாணவன் செய்து நான் கண்டதில்லை.

இரண்டாவது, பொருந்தாததைக் கண்டறிதல். மெய்யான சக்கரம், டயரோடு சேர்த்து 66 சென்டிமீட்டர். 36-ஆல் வகுத்தால் 18 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பொம்மையின் சக்கரமோ 15 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர்தானே என்று எண்ணாதீர்கள். 15-ஐ 36-ஆல் பெருக்கினால் 54 சென்டிமீட்டர். அதாவது சேற்றில் சற்றே புதைந்த வண்டி போல் அது தோன்றும். கண்ணுக்கு ஏதோ குறையாகப் படுவதற்குக் காரணம் இத்தகைய சிறு பிழைகளே. அச்சுகளுக்கு இடையே 2,464 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 36-ஆல் வகுத்தால் 68.4. பொம்மையில் 66-தான் இருந்தது.

மூன்றாவது, பாகம் தேடுதல். இங்கே ஒரு விதியை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள விகிதத்தை நம்பாதீர்கள், உங்கள் அளவுகோலை நம்புங்கள். எங்களுக்குப் பொருந்திய சக்கரம் வேறு அளவில் செய்த பொம்மை ஜீப்பிலிருந்து வந்தது. ஜீப்பின் விகிதம் எதுவாயினும் ஆகுக. சக்கரம் 18 மில்லிமீட்டர் இருந்தது. அதுவே எங்களுக்கு வேண்டியது. அம்பாசிடரின் வட்ட முன்விளக்கு 7 அங்குலம், அதாவது 178 மில்லிமீட்டர். 36-ஆல் வகுத்தால் 5 மில்லிமீட்டர். பையன் வீட்டிலிருந்த மாத்திரை அட்டைகளையெல்லாம் அளந்து, சரியான குமிழைக் கண்டுபிடித்தான். மூட்டைத் தாங்கியின் கம்பி 20 மில்லிமீட்டர் பருமன். நமக்கு வேண்டியது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். காயில் கட்டும் கடைக்காரர் ஒரு முழம் கம்பி இலவசமாகவே கொடுத்தார். இதுதான் கலப்புக் கட்டுமானத்தின் உயிர்நிலை: ஒரு பொருளை அதன் பெயரால் அறியாமல் அதன் அளவாலும் வடிவாலும் அறிதல். மாத்திரை அட்டையில் விளக்கைக் காண்பவனுக்குக் குப்பை என்று எதுவும் இல்லை.

நான்காவது, வெட்டலும் பொருத்தலும். சக்கர அச்சைத் தாங்கும் பகுதியை ஆக்சா பிளேடால் அறுத்து, இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பின்னுக்குத் தள்ளி ஒட்டினோம். ஒட்டுமுன் பசையின்றிப் பலமுறை பொருத்திப் பார்க்க வேண்டும். பசை காய்ந்தபின் வருந்திப் பயனில்லை. பசையிலும் வேறுபாடு உண்டு. பாகப் பெட்டிகளில் வரும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கு உரிய பசை, இரு பக்கத்தையும் சற்றே கரைத்து ஒன்றாக்குகிறது. அது ஒட்டுதலன்று, பற்றவைத்தலே எனலாம். ஆனால் உலோகத்தோடு பிளாஸ்டிக்கைச் சேர்க்க அது உதவாது. அதற்குப் பெவிகுவிக் போன்றது வேண்டும். இடைவெளியை எம்-சீல் இட்டு நிரப்பி, உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்துச் சமமாக்கலாம். பிளேடை எப்போதும் உடம்புக்கு எதிர்ப்புறமாகவே செலுத்துங்கள். பசையும் தின்னரும் காற்றோட்டமான இடத்தில், தீபத்துக்கும் அடுப்புக்கும் எட்டத்தில் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, வண்ணம். இங்கேதான் நாங்கள் தோற்றோம். தோல்விக்குக் காரணம் நான். வீட்டுக் கதவுக்கு வாங்கிய வெள்ளை எனாமல் மிச்சம் இருந்தது; அதையே தூரிகையால் பூசச் சொன்னேன். மறுநாள் பார்த்தால் கதவுகளின் கோடுகளே மறைந்துவிட்டன; வண்டி வெண்ணெயில் முக்கியெடுத்தது போல் இருந்தது. ஏன்? காரின் கதவுக்கும் உடலுக்கும் இடையே 5 மில்லிமீட்டர் சந்து இருப்பதாகக் கொள்வோம். 36-இல் ஒரு பங்கில் அது 0.14 மில்லிமீட்டர்தான். தூரிகையால் கனமாகப் பூசிய எனாமல் அதைத் தூர்த்துவிடும். உருவத்தை 36 மடங்கு சுருக்கினோம். வண்ணத்தின் கனத்தைச் சுருக்க மறந்தோம்! வண்ணத்தைக் கழற்றலாம் என்று தின்னரில் நனைத்தேன். பிளாஸ்டிக்கே இளகிக் கூரை குழிந்தது. பையன் முகம் வாடியது. ஆயினும் ஒரு சொல் சொல்லவில்லை. நான் பட்டுக்கோட்டைக்குப் போய் இன்னொரு பொம்மை வாங்கிவந்தேன். இரண்டாம் முறை, முதலில் சாம்பல் நிறப் பிரைமரைத் தெளிப்பானால் மெல்லியதாய் அடித்தோம். அதனால் இரண்டு நன்மை: பல நிறப் பாகங்கள் ஒரே நிறமாகின்றன, மறைந்திருந்த கீறல்கள் வெளிப்படுகின்றன. அதன்பின் வெள்ளையை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் காயவிட்டு, பனிப்படலம் போல் தெளித்தோம். கோடுகள் அப்படியே நின்றன.

இவ்விடத்தில் கணக்கின் வேடிக்கை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீளம் 36-இல் ஒரு பங்கானால் பரப்பு எத்தனையில் ஒரு பங்கு? 36-ஐ 36-ஆல் பெருக்குங்கள்: 1,296. கன அளவோ இன்னும் ஒருமுறை பெருக்க வேண்டும்: 46,656. மெய்யான அம்பாசிடரின் எடை ஏறத்தாழ 1,100 கிலோ. அதே பொருள்களால், அதே தகட்டுக் கனத்தையும் 36-ஆல் சுருக்கி இந்தச் சிற்றுருவைச் செய்திருந்தால் எடை வெறும் 24 கிராம் ஆகியிருக்கும். தகடோ தாளைவிட மெல்லியதாகி, விரல் பட்டால் நசுங்கியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கினாலும் வலிமையும் எடையும் அதே விகிதத்தில் சுருங்குவதில்லை. பாலத்துக்கும் விமானத்துக்கும் சிற்றுரு செய்து சோதிக்கும் பொறியாளர் இந்த உண்மையை மறந்தால் பெருங்கேடு விளையும்.

மஞ்சள் எண்பலகையில் கறுப்பு எழுத்தை, பூதக்கண்ணாடி வைத்துப் பையனே எழுதினான். பலகையின் அகலம் 14 மில்லிமீட்டர். உயரம் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வேலை முடிந்த அன்று இருவரும் அண்ணன் வீட்டுத் திண்ணைக்குச் சென்றோம். அவர் வண்டியைக் கையில் வாங்கினார். முன்னே பார்த்தார்; பின்னே பார்த்தார்; எண்பலகையை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு பேரனை நோக்கி, "எல்லாம் சரிடா. பின்கதவுல அந்த நசுங்கல் எங்கே?" என்றார்.

பல ஆண்டுகளுக்கு முன், அறந்தாங்கி சாலையில் மிரண்டோடிய மாடு ஒன்று இடித்து இடப்பக்கப் பின்கதவு நசுங்கியதாம். அதை அவர் செப்பனிடவே இல்லை. பையனின் நோட்டில் அந்த நசுங்கலின் அளவும் இருந்தது. ஆனால் அது குறை என்று எண்ணி அவன் விட்டுவிட்டான். உடனே உள்ளே ஓடி ஒரு கரண்டியின் காம்பைச் சூடாக்கிக்கொண்டு வந்தான். நான், "வேண்டாம், கெட்டுவிடும்" என்றேன். தாத்தாவும் பேரனும் என்னைக் கேட்கவில்லை. அவர் இடம் காட்ட, அவன் மெல்ல அழுத்தினான். பிளாஸ்டிக் இளகிச் சற்றே உள்வாங்கியது. "இதான், இதான்" என்றார் அண்ணன். அந்த மாடு மிரண்ட கதையை அன்று மாலை எங்களுக்குச் சொன்னார். புயலுக்குப் பின் அவர் தம் வண்டியைப் பற்றிப் பேசியது அதுவே முதன்முறை.

மாணவர்களே, அந்த நசுங்கலுக்கு முன்வரை அது ஏதோ ஓர் அம்பாசிடர். அதற்குப் பின்தான் அது அவருடைய அம்பாசிடர் ஆயிற்று. பெட்டியில் வந்ததை வந்தபடியே கட்டுவது முதற்பாடம். அதை நாம் அறிந்த ஒரு வண்டியாக மாற்றுவதே இக்கலையின் முழுப்பயன். அதற்கு விலையுயர்ந்த வெளிநாட்டுப் பெட்டி வேண்டியதில்லை. நம் தமிழ்நாட்டு இளைஞர் பலர், ஃபோம் அட்டையை வெட்டி, தாம் நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் அரசுப் பேருந்தை வழித்தடப் பலகை உட்பட அச்சாகச் செய்கின்றனர். நீங்கள் உங்கள் ஊர் நகரப் பேருந்தில் தொடங்கலாம். அப்பாவின் டிராக்டரில் தொடங்கலாம். முதலில் நாடாவை எடுத்து அளந்து எழுதுங்கள். பிறகு ஓர் எண்ணைத் தேர்ந்து, அதை விட்டு விலகாதீர்கள். மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

ஆசிரியப் பெருமக்கள் யாரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் ஒரு சொல். வகுப்பில் மேசைக்கு அடியில் ஏதேனும் உருண்டால் பிடுங்குங்கள், தவறில்லை. ஆனால் அலமாரியின்மேல் வைக்குமுன் ஒருமுறை அளந்து பாருங்கள்.

இந்தக் காரை நாளைக் காலையில் திருப்பித் தருவதாகச் சொல்லி அண்ணனிடம் இரவல் வாங்கி வந்திருக்கிறேன். நேரத்தோடு ஊர் சேர வேண்டும்.